ஏழாவது படம்

ஞானசுந்தரியின் ஏழாவது கட்டுரை வெளியாகி நான்கு நாள் ஆகிவிட்டது. அந்த நான்கு நாளும் இருசப்பன் மனைவியிடம் சோறு, வெந்நீர் என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் ஆறு கட்டுரைகளுக்கும் அவனைப் போலப் பூரித்தவர்கள் திருப்புலிவனத்தில் யாரும் இல்லை. பட்டணத்து வாரப் பத்திரிகையில் பெண்டாட்டியின் பெயர் அச்சாகி வருவதென்றால் சும்மாவா? உத்திரமேரூரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் அவளுடைய அப்பா வீராசாமி. திருவிழாக் காலத்துக்கு முன்னால் கூத்துக்காரர்கள், பஜனைக்காரர்கள், நாயனக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் காலடியில் வளர்ந்தவள் ஞானசுந்தரி. வாரம் ஒரு பழைய படம், அதோடு அந்த வாத்தியக்காரரைப் பற்றி அவளுக்கு ஞாபகம் இருப்பது. இவ்வளவுதான் தொடர். ஆனால் பத்திரிகை வந்த அன்றே இருசப்பன் அதைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். சேட்டுவின் சலூனில் தொடங்கி டீக்கடை வரைக்கும் காட்டி முடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவான்.

ஏழாவது கட்டுரையைச் சேட்டுவே உரக்கப் படித்தான். முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த இருசப்பன் அசைய வழியில்லாமல் கேட்டான்.

‘ஐயங்கார்குளம் எல்லப்பன், கையில் முகவீணை இல்லாமல் படமெடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். சரி, வாத்தியத்தோடு நில்லுங்கள் என்றார் என் தகப்பனார். வாயில் வைத்தால் சும்மா நிற்க எனக்கு வராது என்று சொல்லி, வாசிக்கத் தொடங்கிவிட்டார். அப்போது எனக்குப் பதினைந்து வயது. அவருக்குக் கொடுக்க வேண்டிய சோடாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். வெளியே காஞ்சிபுரம் பஸ் புறப்பட்டது. ஏற வேண்டியவர்கள் ஏறாமல் எங்கள் வாசலில் நின்றிருந்தார்கள். என் தகப்பனார் படமெடுக்கவே மறந்துபோனார். மறுநாள் அவரைத் திரும்ப வரச்சொல்லி எடுத்த படம் இது. அன்று முதல் எந்த வாத்தியத்தைக் கேட்டாலும் என் காது அந்த வாசிப்பைத்தான் தேடுகிறது.’

சேட்டு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கத்தியைத் தீட்டினான்.

“எந்த வாத்தியத்தக் கேட்டாலும்னு எய்திக்கீதே இருசப்பா. உன் ஆர்மோனியம் கூடவா?”

கேலிக்குத்தான் கேட்டான். சலூனில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். இருசப்பனும் நுரைக்குள்ளிருந்து சிரித்து வைத்தான். ஆனால் அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்து சேருவதற்குள் நெஞ்சுக்குள் போய் முள்ளாகக் குத்திக்கொண்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். தினம் சாயங்காலம் அவன் ஆர்மோனியம் வாசிக்க, அவள் அடுப்பு வேலை பார்த்துக்கொண்டே கேட்பாள். ‘இன்னிக்கு நல்லா இருந்திச்சி’ என்பாள். அப்படியானால் அந்த ஒன்பது வருஷமும் அவள் காது வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்ததா?

இந்த நிலையில்தான் பாரதத் திருவிழாவின் கடைசி நாள் விடிந்தது.

முந்தின ராத்திரி முழுக்கக் கூத்து. காலையில் படுகளம். அறுவடையான கழனியில் மண்ணால் பெரிய துரியோதனன் உருவத்தைப் படுத்த வாக்கில் பிடித்து வைத்திருந்தார்கள். அதைச் சுற்றித்தான் துரியோதனனும் வீமனும் வேஷம் கட்டிச் சண்டை போடுவார்கள். துரியோதனன் இருசப்பனின் அண்ணன் பெருமாள். அவர்களுடைய கூத்து ஜமாவுக்கு அவர்தான் வாத்தியார். நைனா செத்த பிறகு தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர், உழுதுகொண்டிருந்த மாட்டை விற்று அவனுக்கு ஆர்மோனியம் வாங்கிக் கொடுத்தவர்.

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த இருசப்பனிடம் வந்து நின்றார் பெருமாள். முகத்தில் ராத்திரி போட்ட சிவப்பு இன்னும் இருந்தது.

“இருசப்பா, நம்ம முத்துவேலுக்குப் பல்லு வீங்கிப் போச்சிடா. வாயத் தொறக்க முடியல, எங்க முகவீணை ஊதறது? விடிகாலையிலயே ஆள் அனுப்பிச்சிட்டேன்.”

“யாருக்கு?”

“ஐயங்கார்குளத்து எல்லப்பனுக்கு. மொத பஸ்ஸுல வந்துடுவாரு.”

இருசப்பன் கையிலிருந்த தண்ணீர் அப்படியே வழிந்து போயிற்று.

“வேற ஆளே கிடைக்கலியா ண்ணா?”

“ஏன், அவருக்கு இன்னா? நம்ம ஞானமே அவரப் பத்திப் பொஸ்தகத்துல எய்திக்கீதாமே. ஊரே சொல்லிக்கினு கீது.”

பெருமாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. அவர் குரலில் கள்ளமும் கிடையாது. தம்பி பெண்டாட்டியைப் பற்றி ஊரே பேசுகிறது என்ற பெருமைதான் இருந்தது. அதுதான் இருசப்பனால் தாங்க முடியவில்லை.

உள்ளே ஞானசுந்தரி அப்பாவின் பெட்டிக் கேமராவுக்குப் பிலிம் சுருள் போட்டுக்கொண்டிருந்தாள். படுகளத்தைப் படமெடுத்து அனுப்பும்படி பத்திரிகை ஆபீஸிலிருந்து கேட்டிருந்தார்கள். மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தாள். தலையில் பூ. திருவிழா நாளில் ஊரிலுள்ள பெண்கள் எல்லாரும்தான் பூ வைத்திருந்தார்கள். ஆனாலும் இருசப்பன் கண்ணுக்கு அந்தப் பூ மட்டும் தனியாகத் தெரிந்தது.

“எல்லப்பன் வர்றாராமே?” என்றாள் அவள்.

“யார் சொன்னா?”

“மாமாதான் சொன்னாரு” என்றாள், பெருமாளைக் குறித்து.

“ரொம்ப சந்தோசமா?”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “அவரு வாசிச்சிக் கேட்டு எத்தினி வருசம் ஆயிப்போச்சி. சந்தோசம்தான்.”

இல்லை என்று சொல்லியிருந்தால் பொய் என்று சண்டை போட்டிருக்கலாம். அவள் ஒளிக்காமல் சொன்னது அவனை இன்னும் எரித்தது. ஆர்மோனியப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நாஷ்டா கூடச் சாப்பிடாமல் கழனிப் பக்கம் நடந்தான்.

எல்லப்பன் எட்டு மணிக்கு மேல் வந்து சேர்ந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்து வந்ததில் வேட்டியின் ஓரமெல்லாம் புழுதி. இருசப்பன் எதிர்பார்த்திருந்த ஆள் இல்லை அவர். கறுத்து மெலிந்த உடம்பு. காதோரம் நரை. படத்தில் இருந்த வாலிபன் எங்கேயோ போய்விட்டிருந்தான். இருசப்பனுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக் கூட இருந்தது. எல்லப்பன் நேராகக் கேமராவோடு நின்றிருந்தவளிடம் போகும் வரைக்கும்தான் அந்த நிம்மதி.

“இன்னா ஸ்டுடியோ பாப்பா, நல்லா கீறியா?”

“நல்லாக் கீறேன். நீங்க?”

“பொயப்பு ஓடிக்கினு கீது. நைனா போயிட்டாராமே, கேள்விப்பட்டேன். வரணும்னு நெனச்சேன், வர முடியல.”

அவள் கண் கலங்கியது. “உங்க பேர அடிக்கடி சொல்லுவாரு” என்றாள்.

ஸ்டுடியோ பாப்பா! தன் பெண்டாட்டிக்கு இப்படி ஒரு பெயர் இருந்ததே இருசப்பனுக்கு இன்றுதான் தெரியும். தனக்குத் தெரியாத ஒரு ஞானசுந்தரி, தனக்குக் கிடைக்காத ஒரு வயசில், இந்த ஆளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறாள். ஆர்மோனியத்தின் துணியை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

எல்லப்பன் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆர்மோனியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நாலு கட்டைதானே தம்பி?”

“நாலுதான்.”

கூத்தில் பாட்டுக்கு எந்தச் சுதி என்பது ஆர்மோனியக்காரன் கையில்தான் இருக்கிறது. அவன் எந்தக் கட்டையை அமுக்கித் துருத்தியை அசைக்கிறானோ அதைப் பிடித்துக்கொண்டுதான் வேஷக்காரர் பாடவேண்டும். பெருமாளுக்கு எப்போதும் நாலு கட்டை. எல்லப்பனுடைய முகவீணையும் நாலு கட்டைக்குத் துளை போட்டது. அந்த அளவில் அது தானாகப் பேசும். அதற்கு மேலே ஏற்றினால் உதட்டையும், ஊதுகிற முனையில் செருகியிருக்கும் சீவாளியையும் இறுக்கி இறுக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும்.

வெயில் ஏறியது. சுற்றுப்பட்ட ஊர் ஜனம் முழுக்கக் கழனியில் வந்து நின்றது. கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையுமாகப் பெருமாள் ஆடிக்கொண்டு உள்ளே வந்தார். மத்தளக்காரர் சடையப்பன் அடித்த அடியில் புழுதி கிளம்பியது.

எல்லப்பன் முகவீணையை வாயில் வைத்தார்.

இருசப்பன் இந்தத் தொழிலில் எத்தனையோ முகவீணை கேட்டவன். பாட்டுக்குப் பின்னால் கத்திக்கொண்டே வரும் ஒரு சின்னக் குழல் என்பதைத் தாண்டி அதை அவன் மதித்ததில்லை. ஆனால் இவர் ஊதியது வேறு. பெருமாள் ஒரு அடியைப் பாடி நிறுத்தினால் அந்த அடியை இவர் திரும்பச் சொன்னார். அதைச் சொல்லும்போது, பாடியவருக்கே தெரியாத துக்கம் அதில் வந்து உட்கார்ந்தது. எல்லாத் தம்பிகளையும் போரில் பறிகொடுத்துவிட்டு ஒற்றை ஆளாக நிற்கும் ராஜாவின் துக்கம். முன் வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். இருசப்பனின் கையில் மயிர் சிலிர்த்தது. தன் உடம்பே தனக்கு விரோதமாகப் போய்விட்டதுபோல அவனுக்கு ஆத்திரம் வந்தது.

நிமிர்ந்து ஞானசுந்தரியைப் பார்த்தான்.

கேமரா அவள் இடுப்புக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. படமெடுக்க வந்தவள் எடுக்கவில்லை. வாய் சற்றே திறந்திருந்தது. கண் எல்லப்பன் விரல்கள் மேலேயே இருந்தது. ஒன்பது வருஷத்தில் அந்த முகத்தை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அடுத்த பாட்டுக்குச் சுதி கொடுக்க வேண்டிய நேரம் வந்தது. இருசப்பனின் விரல் நாலு கட்டையில் உட்காரவில்லை. பக்கத்துக் கறுப்புக் கட்டையில் போய் உட்கார்ந்தது. அரைக்கட்டை மேலே.

யாருக்கும் தெரியவில்லை. மத்தளத்தின் தோலும் வெயிலில் காய்ந்து ஏறித்தான் இருந்தது. பெருமாள் கொடுத்த சுதியைப் பிடித்துக்கொண்டு பாடினார். எல்லப்பன் மட்டும் ஒரு கணம் நிறுத்தி, சீவாளியை உள்ளே அழுத்திக்கொண்டு, கன்னத்தை இறுக்கி ஊதினார். சுருதி சேர்ந்தது. ஆனால் நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. அவர் இருசப்பன் பக்கம் திரும்பவேயில்லை.

இன்னொருத்திக்கும் தெரிந்துவிட்டது.

வேஷக்காரர்கள் மோர் குடிக்கக் கொஞ்ச நேரம் ஓய்வு விட்டபோது ஞானசுந்தரி பனைமரங்களுக்குப் பின்னால் அவனைத் தேடிக்கொண்டு வந்தாள்.

“எதுக்குச் சுதிய ஏத்துனீங்க?”

“யார் ஏத்துனது?”

“எங்கிட்டயே சொல்றீங்களா? தெனம் உங்க நாலு கட்டையக் கேட்டுக்கினுதான் சோறு ஆக்கறேன். ஏறிச்சின்னா எனக்குத் தெரியாதா?”

“ஓ, என் வாத்தியம் கூட உன் காதுல வியுதா? அங்க வேற எதையோ தேடிக்கினு கீதுன்னு பொஸ்தகத்துல போட்டிருந்திச்சே!”

அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. நான்கு நாளாகச் சோறு, வெந்நீர் என்று மட்டும் பேசியதன் காரணமும் விளங்கிற்று. மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“இதுக்கா? இதுக்கா இத்தினி நாளா முகத்தத் தூக்கி வெச்சிக்கினு இருந்தீங்க?”

“ஊரே சிரிக்குது. சலூன்ல நாலு பேர் முன்னாடி சேட்டு கேக்கறான், உன் ஆர்மோனியம் கூடவான்னு. நான் இன்னா பதில் சொல்றது? நீயே சொல்லு. அவரு வாசிக்கறது ஒசத்தியா, நான் வாசிக்கறது ஒசத்தியா?”

அவன் எதிர்பார்த்தது ஒரு பொய்யை. சின்னப் பொய் போதும். அதைக் கேட்டுவிட்டுப் போய் நாலு கட்டையில் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தான்.

ஞானசுந்தரி மரத்திலிருந்து கையை எடுத்தாள்.

“அவரு வாசிக்கறதுதான் ஒசத்தி” என்றாள். “இன்னிக்கு நீங்களே கேட்டீங்க. உங்க கையிலயும் மயிர் நின்னிருக்கும். அத்த இல்லன்னு சொன்னா நான் இத்தினி நாள் எய்தினது எல்லாம் பொய்யாப் போயிடும். ஆனா நான் உங்க பொண்டாட்டிங்க. அவரு யாரு, நான் யாரு? ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொயப்பிக்கினு கீறீங்க.”

இரண்டாவதாகச் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. முதலில் சொன்னது மட்டும் ஏறியது.

“மாமா ராத்திரியெல்லாம் பாடிக் கீறாரு” என்றாள் அவள், அவன் முதுகைப் பார்த்து. “அவருக்காவது சுதிய எறக்குங்க.”

அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

கடைசிப் பாட்டு வந்தது. தொடை முறிந்து மண்மேல் கிடக்கும் துரியோதனன் தன் தாயை அழைத்துப் புலம்பும் பாட்டு. அதைக் கேட்கத்தான் ஜனம் அந்த வெயிலில் நின்றிருந்தது. பெருமாள் மண் உருவத்தின் மார்பின்மேல் சாய்ந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தம்பியின் சுதிக்காகக் காத்திருந்தார்.

இருசப்பன் ஐந்து கட்டையை அமுக்கினான்.

பெருமாள் தம்பி கொடுத்ததைச் சந்தேகப்படுகிறவர் இல்லை. வாயைத் திறந்தார். முதல் அடி எப்படியோ ஏறிவிட்டது. இரண்டாம் அடியில் ‘அம்மா’ என்று மேலே போக வேண்டிய இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. இருமினார். மறுபடி தொடங்கினார். மறுபடியும் பிளந்தது. கூட்டத்துக்குப் பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். யாரோ சிரித்தார்கள். அந்த வட்டாரத்தில் பெருமாள் துரியோதனன் கட்டி யாரும் சிரித்தது கிடையாது.

அவர் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். பயம் இருந்தது. நடுத் தண்ணீரில் கால் எட்டாதவன் கரையில் நிற்பவனைப் பார்க்கிற பார்வை.

இறக்கிவிடலாம் என்று இருசப்பன் நினைத்தான். விரல் நகரவில்லை. இப்போது இறக்கினால் ஏற்றியது தெரிந்துவிடுமே!

எல்லப்பன் சீவாளியை வாயிலிருந்து எடுத்து, நாக்கால் நனைத்து, வெளியே இழுத்துச் சரிசெய்தார். முகவீணையைத் தூக்கி ஊதினார். நாலு கட்டையில். ஆர்மோனியத்தோடு ஒட்டாமல், அதன் சத்தத்தை அமுக்கிக்கொண்டு, ‘அம்மா’ என்ற அந்த ஒரு இடத்தைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டே பெருமாளின் கண்ணை நேராகப் பார்த்தார். இங்கே வா, இங்கே இருக்கிறது என்று சொல்வதுபோல இருந்தது.

இரண்டு சுதியும் மோதிக் காதைக் கிழித்தன. ஒன்று நின்றாக வேண்டும். இருசப்பன் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

பெருமாள் பிடித்துக்கொண்டார். குரல் திரும்பி வந்தது. கரகரத்துப்போயிருந்தாலும் வந்தது. அந்தக் கரகரப்பே சாகப்போகிறவன் குரலுக்குப் பொருத்தமாக இருந்தது. முகவீணையும் மத்தளமும் மட்டும் கூட வந்தன. சிரித்த வாய்கள் அடங்கின. பெண்கள் கூட்டம் ஓவென்று அழுதது. பாட்டு முடிகிற வரைக்கும் ஆர்மோனியம் ஊமையாக இருந்தது. அது இல்லாததை ஒருத்தர் கூடக் கவனிக்கவில்லை.

ஞானசுந்தரி கேமராவை உயர்த்தினாள். அவள் அழுத்திய சத்தம் அந்த அழுகையில் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் கேமராவின் கண் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதை இருசப்பன் பார்த்தான். அண்ணன் பக்கமும் இல்லை, எல்லப்பன் பக்கமும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் பக்கம்.

வேஷம் கலைக்கும் தடுப்புக்குள் பெருமாள் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். முகத்துச் சிவப்பில் வேர்வை ஓடிக் கோடு கோடாக இறங்கியிருந்தது. ஜமா ஆட்கள் சுற்றி நின்றார்கள். வெற்றிலை கொண்டு வந்த சேட்டுவும் ஒரு ஓரத்தில் நின்றான்.

“அவ்வளவுதான்” என்றார் பெருமாள். “என் தொண்டை போச்சி. எல்லப்பன் நல்ல மனுசன், எனக்கு எட்டலன்னு பாத்துச் சுதிய எறக்கிக் குடுத்தாரு. இல்லன்னா இன்னிக்கு என் மானம் போயிருக்கும். எறக்கிப் பாடற துரியோதனன் இந்த ஜமாவுக்கு வேணாம். அடுத்த வருசத்துக்கு வேற ஆளப் பாத்துக்குங்க.”

“இன்னா வாத்தியாரே இப்பிடிச் சொல்றே!” என்றார் சடையப்பன்.

“நெசமாத்தான் சொல்றேன். ராவெல்லாம் பாடிக்கூட இதுவரைக்கும் எனக்கு ஒடஞ்சதில்ல. வயசாயிப் போச்சிடா.”

அவர் கை கிரீடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. இருசப்பனால் அதைப் பார்க்க முடியவில்லை. மாட்டை விற்ற அன்று சாயங்காலம் வெறும் தொழுவத்தின் முன்னால் அண்ணன் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

“ண்ணா” என்றான். “உன் தொண்டைக்கு ஒண்ணும் ஆவல. சுதிய ஏத்தினது நான்தான். ஐஞ்சி கட்டை வெச்சேன்.”

பெருமாள் மெள்ளத் தலையைத் தூக்கினார். “ஐஞ்சா? எதுக்குடா?”

இருசப்பன் வாயைத் திறந்தான். எதுக்கு என்று சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த நிமிஷமே ஞானசுந்தரியின் பெயரும் எல்லப்பன் பெயரும் சேர்ந்து கழனி முழுக்கப் போய்விடும். நாளைக்கு உத்திரமேரூர் சந்தைக்குப் போய்ச் சேரும். சேட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். சேட்டுவின் உதட்டு ஓரம் ஏற்கெனவே நெளியத் தொடங்கியிருந்தது. சலூனில் தான் கேட்ட கேலி அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது. தடுப்பின் வாசலில் ஞானசுந்தரி நின்றிருந்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

“கேக்கறேன் இல்ல? எதுக்குடா ஏத்துன? இத்தினி வருசத்துல ஒரு நாள் ஏத்தினது உண்டா?”

“நான் சொல்லித்தான் தம்பி ஏத்துச்சி” என்றார் எல்லப்பன்.

எல்லாரும் திரும்பினார்கள். அவர் முகவீணையைத் துணிப்பைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டே பேசினார்.

“வெயில்ல என் வாத்தியம் ஏறிப்போச்சி வாத்தியாரே. புதுச் சீவாளி வேற. நாலுல நிக்கல. ரவயூண்டு ஏத்து தம்பின்னு நான்தான் சொன்னேன். வெளியூர்க்காரன் கேக்கறானேன்னு தம்பியும் ஏத்துச்சி. உங்களுக்கு எட்டலன்னு தெரிஞ்சதும் நானே எறக்கிக்கினேன். தப்பு என்னுது. உங்க தொண்டை அப்பிடியே கீது.”

பெருமாள் இருசப்பனைப் பார்த்தார். “ஆமாவாடா?”

இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருசப்பன் தலையை ஆட்டினான்.

“அட பாவிங்களா!” என்று பெருமாள் பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “என்னிய ஒரு நாழிக்குள்ள கெயவன் ஆக்கிட்டீங்களே! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஐஞ்சி கட்டையில எவன்டா பாடுவான்?” ஜமா முழுக்கச் சிரித்தது. சேட்டு கூட ஏமாந்தாற்போல வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தான்.

இருசப்பன் வாசல் பக்கம் பார்த்தான். ஞானசுந்தரி எல்லப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசிப்பைக் கேட்டபோது இருந்த முகம் இல்லை இது. கை எடுத்துக் கும்பிடாத குறையாக இருந்தது. அவருடைய முகவீணைக்குப் பொறாமைப்பட்டதே பெரிது என்று நினைத்திருந்தான் இருசப்பன். இந்தப் பார்வைக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை என்று இப்போது தெரிந்தது.

பெருமாள் அதோடு விடவில்லை.

“எல்லப்பா, முத்துவேலு பல்லப் புடுங்கி, வாய் ஆறி, ஊத ஆரம்பிக்க ஒரு மாசம் ஆவும். அதுவரைக்கும் நம்ம ஜமாவுக்கே வாசி. தெனம் ஐயங்கார்குளத்துலேருந்து வந்து போறது எங்க ஆவும்? என் தம்பி வூட்டுல பின்கட்டு சொம்மாதான் கீது. அங்கயே தங்கிக்க. இருசப்பா, கூட்டிக்கினு போ. ஞானம், எல்லப்பனுக்கு மொதல்ல சோறு போடும்மா.”

எல்லப்பன் கீழே பார்த்தபடி பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். “சரிங்க வாத்தியாரே” என்றார் பிறகு.

ஏரிக்கரை மேல் மூன்று பேரும் நடந்தார்கள். உலை வைக்க வேண்டும் என்று ஞானசுந்தரி வேகமாக முன்னால் போய்விட்டாள். மாம்பழச் சேலை பனைமரங்களுக்கு நடுவே தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

தலையில் ஆர்மோனியப் பெட்டியோடு இருசப்பன் எல்லப்பனுக்கு ஒரு எட்டு பின்னால் நடந்தான். நடந்துகொண்டே சொன்னான்.

“நீங்க இன்னிக்கு எனக்குப் பண்ணத நான் மறக்க மாட்டேன்.”

எல்லப்பன் நின்றார். திரும்பவில்லை. தூரத்தில் போகிற சேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“உனக்காகச் சொல்லல தம்பி.”

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

பின்னே யாருக்காக என்று இருசப்பன் கேட்கவில்லை. கேட்டால் அந்த மனுஷன் ஒளிக்காமல் சொல்லிவிடுவார் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.